ஒரு வட்டில் போன நாவல்

ஆர்தர் சி. கிளார்க்கின் '2010: ஒடிஸி டூ' 1982இல் வெளிவந்தது. கொள்ளுப்பிட்டியை அடுத்த கறுவாத்தோட்டத்தில் அவர் வாழ்ந்த காலம். ஆர்கைவ்ஸ் 3 என்ற சிறு கணனியில், வேர்ட்ஸ்டார் மென்பொருளால் எழுதிய முழு நாவலும் ஒரேயொரு ஐந்தங்குல நெகிழ்வட்டில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசித் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தினூடாகச் செய்மதி வழியே சென்றன. நூலிலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார்; பெருமைப்பட நியாயமுண்டு.

அப்போதைய வீட்டுக் கணனிகள் பலவற்றுக்கு வட்டும் கிடையாது. அதே 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம், பாட்டுக் கேட்கும் கசெட்டிலேயே நிரலைச் சேமித்தது. சுழியத்துக்கு ஒரு குறுந்துடிப்பு, ஒன்றுக்கு அதைவிட இருமடங்கு நீண்ட துடிப்பு. காதுக்கு வெறும் கீச்சொலி. 48 கிலோபைட் ஏற நாலைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இவற்றை இன்றும் தேடிச் சேகரிப்பவர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பழைய வட்டை வாசிக்கும் இயந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கிளார்க்கின் நாவல் அச்சேறிப் பிழைத்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு நெகிழ்வட்டில் வைத்த நம்மவர் எழுத்துகளில் அச்சேறாதவை என்னவாகும்? வட்டு திறந்தாலும், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும்.