செம்பவாங் விமானத்தளம்

சிங்கப்பூர்த் தீவின் வடபாகத்தில், மார்சிலிங்குக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் அமைந்துள்ள இராணுவ விமானத்தளம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கீழைக் கடற்படைக்குத் துணையாக ஏற்பட்ட இது, இன்று சிங்கப்பூர்க் குடியரசு விமானப்படையின் ஹெலிகாப்டர்களுக்கு உறைவிடமாக விளங்குகிறது.

தோற்றம்: 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய கப்பல் துறை அருகில் திறக்கப்பெற்றது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று இத்துறையில் பழுதுபார்க்கப்படும்போது அதன் விமானங்கள் பறக்க வழியில்லை; அவற்றைக் கரையில் நிறுத்திப் பராமரிக்க ஓர் இடம் அவசியமாயிற்று. அவ்வவசியத்தை உத்தேசித்தே, ரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தைத் திருத்தி இத்தளத்தை அமைத்தனர்.

யுத்த காலம்: ஆயினும் 1940-இல் இங்கு முதலில் வந்திறங்கியவை ஆஸ்திரேலிய விமானப்படையின் அணிகளேயாம். 1-ஆம், 8-ஆம் அணிகளின் ஹட்சன் விமானங்கள் கடலை வேவு பார்த்தன. 1941-இல் வந்த 453-ஆம் அணியின் பஃபலோ விமானங்கள் எதிரி விமானங்களை எதிர்க்கும் பொறுப்பேற்றன. 1941 டிசம்பர் 10 அன்று, ஜப்பானிய விமானங்களால் தாக்குண்ட ‘ரிபல்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் முற்பகல் 11.58-க்குத்தான் உதவி வேண்டிச் செய்தி அனுப்பிற்று. சித்தமாயிருந்த பஃபலோக்கள் 12.26-க்குக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது அக்கப்பல் மூழ்கிவிட்டிருந்தது, உடன் சென்ற ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலும் அதே கதியை அடைந்துகொண்டிருந்தது. வீரர்களிடம் குறையில்லை, கப்பலுக்கும் தளத்துக்கும் இடையே உரிய காலத்தில் தொடர்பு இல்லாமற் போனதே அனர்த்தத்தைப் பெரிதாக்கிற்று. ஜப்பானியர் ஜொகூரை அடைந்ததும் தளம் பீரங்கி வீச்சுக்குள் அகப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

பிற்காலம்: யுத்தத்திற்குப் பின் தளம் ‘சிம்பாங்’ என்னும் பெயருடன் கடற்படை விமான நிலையமாயிற்று. 1953-இல் வந்த 848-ஆம் கடற்படை அணி, சிகார்ஸ்கி ஹெலிகாப்டர்களைக் கொண்டு மலாயாக் காடுகளுக்குள் துருப்புகளை ஏற்றியிறக்கிற்று. நாட்கணக்கில் நடந்து கடக்க வேண்டிய காட்டு வழி நிமிஷக் கணக்காகச் சுருங்கியது. 1960-களில் இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டபோதும் இத்தளம் அத்தகைய பணிகளுக்கு ஆதாரமாயிருந்தது.

அண்டையிலிருந்த கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் உழைத்தனர். அவர்கள் கான்பரா சாலையில் மரத்தடியில் வழிபட்ட முருகனே இன்று ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் எழுந்தருளியிருக்கிறார்.

1968-இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டிஷ் படைகளின் வாபஸ் தீர்மானப்படி 1971-இல் விமானத்தளம் சிங்கப்பூர் வசமாயிற்று; 1983 முதல் இப்போதைய பெயர் வழங்குகிறது. விமானங்களின் தொகையைவிட, ஏற்ற பணிக்கு ஏற்ற அணியை உரிய வேளையில் சேர்ப்பதே தளத்தின் பலம் என்பதை இதன் சரித்திரம் நிரூபிக்கிறது.