சுவர் விழுந்த பின்பு வந்த நாட்கள்



தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஜெர்மனி தேசத்தின் இரண்டு ஊர்களோடு நெடுநாள் உறவு உண்டு. ஒன்று ஹாலே, மற்றொன்று லைப்சிக். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க் ஐயர் ஹாலேயில் கற்றவர். தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் அச்செழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டு வந்தன. பிற்காலத்தில் லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்ற சங்கம் 1840 முதல் நம் நாட்டில் ஊழியம் செய்தது. அதன் தலைவராயிருந்த கார்ல் கிரவுல் 1856-ல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அந்த ஊழியத்தின் கனியாக 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று.

நமக்கு வேதத்தை அனுப்பிய இவ்விரு ஊர்களும் 1949 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனி என்னும் கம்யூனிஸ்ட் அரசின் கீழ் இருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம். ஹாலேயில் பிராங்கே ஐயர் 1698-ல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் தங்கள் சுயாதீனத்தை இழந்து, பராமரிப்பின்றிச் சிதைந்தன. லைப்சிக்கில் பல நூற்றாண்டுகள் நின்ற பல்கலைக்கழக ஆலயம் 1968 மே 30 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிள்ளைகளின் திடப்படுத்தலுக்குப் பதிலாக 1954 முதல் அரசே ஓர் இளைஞர் உறுதிமொழி விழாவை நடத்தியது. அதில் சேராத பிள்ளைக்கு உயர்கல்வியின் கதவு எளிதில் திறக்கவில்லை. தொடக்கத்தில் அந்நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திருச்சபையாராயிருந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர்.

எஞ்சியவர்கள் ஜெபித்தார்கள். லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் மாலையில் சமாதான ஜெபம் நடந்தது. போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் அதை நடத்தியவர்களில் ஒருவர். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஊர் மக்களும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவர்த்திகளோடு வீதியில் நடந்தார்கள். ஆயுதத்தோடு நின்ற காவலர்கள் சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9 இரவில், 1961-ல் எழுப்பப்பட்ட பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் கதை இங்கே நின்றுவிடும். அதற்குப் பின் நடந்தது என்ன?

அரசுக்குச் சொந்தமான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்கள், நாற்பது லட்சம் தொழிலாளர்களோடு, ஒரே அமைப்பின் கையில் ஒப்படைக்கப்பட்டு, நான்கைந்து ஆண்டுகளுக்குள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. அந்த வேலைகளில் பாதிக்கும் மேல் மறைந்தன. பழைய ஆட்சியில் பேச்சுரிமை இல்லை. ஆனால் வேலை நிச்சயமாயிருந்தது, வாடகை குறைவாயிருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் இருந்தது. விடுதலையைக் கேட்டு வீதியில் நடந்த அதே மக்கள், ஐம்பது வயதில் வேலையிழந்து வீட்டில் அமர்ந்தார்கள். 1989, 1990 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே குடிபெயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளையோர். 1994-ல் பெண் ஒருவருக்குச் சராசரி ஒரு குழந்தைகூட இல்லை என்னும் அளவுக்குப் பிறப்பு விகிதம் விழுந்தது. எதிர்காலத்தை நம்ப இயலாத மக்கள் தொட்டில் கட்டத் தயங்கினார்கள்.

அதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. 1992 ஜனவரியில் இரகசியக் காவல்துறையின் கோப்புகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சாதாரண மனிதர் ஒற்றர்களாயிருந்தது வெளிப்பட்டது. தன் நண்பன், தன்னோடு வேலை செய்தவன், சில வீடுகளில் தன் வாழ்க்கைத் துணையே தன்னைக் குறித்து எழுதிக் கொடுத்ததை மனிதர் வாசித்தார்கள். திருச்சபைக்குள்ளும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அக்கோப்புகளைக் காக்கும் பொறுப்பு யோவாகிம் கவுக் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. அவரும் ஒரு போதகர். 2012-ல் அவர் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரானார். எரித்துவிடுவோம் என்று சொன்னவர்கள் இருந்தும், உண்மையை மூடிவைத்து ஒப்புரவாக முடியாது என்று அந்தச் சமுதாயம் தீர்மானித்தது.

ஆலயங்கள் நிரம்பினவா? இல்லை. தடை நீங்கியது, ஆனால் பசி திரும்பவில்லை. அந்த இளைஞர் விழாவை இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் பல குடும்பங்கள் விருப்பத்தோடு அதைத் தொடர்கின்றன. விசுவாசமற்றிருப்பதே இரண்டு தலைமுறைகளில் குடும்ப வழக்கமாகிவிட்டது.

அசுத்த ஆவி நீங்கிய வீட்டைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டிருந்தது, ஆனால் வெறுமையாயிருந்தது. ஆபத்து அந்த வெறுமையில்தான் இருந்தது. ஓர் ஆட்சி நீங்குவது வீட்டைப் பெருக்குவதைப் போன்றது. எகிப்தை விட்டு வெளியேற இஸ்ரவேலருக்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. எகிப்து அவர்களை விட்டு வெளியேற நாற்பது ஆண்டுகளும் போதவில்லை.

காரிமங்கலத்திலிருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. நம் பிள்ளைகளும் நெடுஞ்சாலை ஏறி ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். நம் வீடுகளிலும் முதியோர் தனித்திருக்கிறார்கள். நம்மைத் தடுக்கும் அரசு இல்லை, ஆலயக் கதவு திறந்திருக்கிறது. அப்படியிருந்தும், ஒருவன் நம்மை நம்பிச் சொன்ன துக்கத்தை அடுத்த வீட்டுத் திண்ணையில் செய்தியாக்கும்போது, எந்த அரசும் கட்டளையிடாமலே நாம் ஒற்றர்களாகிறோம். நம்பிக்கையை உடைக்க ஒரு வார்த்தை போதும். கட்டியெழுப்ப ஒரு தலைமுறை வேண்டும்.

கட்டியெழுப்புதலும் நடந்தே வருகிறது. ஹாலேயின் அநாதை இல்லம் 1992-க்குப் பின் செங்கல் செங்கலாகப் புதுப்பிக்கப்பட்டது. அதன் ஆவணக் காப்பகத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பத்திரமாயிருக்கின்றன. தகர்க்கப்பட்ட லைப்சிக் ஆலயம் நின்ற இடத்தில் 2017-ல் புதிய கட்டடம் திறக்கப்பட்டு, மீண்டும் ஆராதனை நடக்கிறது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இந்த வாரம், நமக்கு வேதம் அனுப்பிய அந்த ஊர்களின் சிறு சபைகளுக்காக ஜெபிப்போம். தனித்திருக்கும் ஒரு முதியவரைச் சந்திப்போம். அவர் நம்மிடம் சொல்வதை நம்மோடு வைத்துக்கொள்வோம். கர்த்தர்தாமே நம் வீடுகளை வெறுமையாய் விடாமல் தம்முடைய பிரசன்னத்தால் நிரப்புவாராக. ஆமென்.