திருச்சி விமான நிலையமும் கடல் கடந்த இரு நகரங்களும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கீரமங்கலம், விடியுமுன் பறித்த முல்லையும் மல்லிகையும் காலையிலேயே கைமாறும் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் இதன் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. இவ்வட்டாரத்தார் அயல்நாட்டு வேலைக்குப் புறப்படும் வாயில், புதுக்கோட்டைச் சாலையில் அமைந்த திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையம். அதன் புதிய முனையம், அதாவது பயணியர் வந்துபோகும் கட்டடம், 2024 ஜனவரி 2-இல் திறந்துவைக்கப்பட்டு அவ்வாண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது.

இங்கிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் எட்டும் சிங்கப்பூர், தமிழை நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டது. சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலைகளில் தொழிலாளர்கள் கூடி ஊர்ச்செய்தி பகிர்வதும், கடைவாசலில் தொடுத்த மல்லிகைச் சரம் தொங்குவதும், அந்நகரை வெறும் பிழைப்பிடமாக அன்றி உறவிடமாகவே ஆக்கியுள்ளன. கடல் கடந்த மற்றொரு நகரான கோலாலம்பூரோ கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்தது. மலாய் மொழியில் அதன் பெயருக்குச் சேறான கூடுதுறை என்பது பொருள். நகரின் வடக்கே பத்துமலையில் 272 படிகள் ஏறிக் குகைக்கோயிலை அடையலாம்; படிகளின் அடியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 முதல் நிற்கிறது.