ரேஞ்ச் ரோவர் பி38ஏ தொங்கல் அமைப்பு

ரேஞ்ச் ரோவர் பி38ஏ தொங்கல் அமைப்பு என்பது 1994 முதல் 2001 வரை இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் சொகுசு வாகனத்தின் எடையைத் தாங்கி, சாலை அதிர்வைத் தணிக்கும் பொறியமைப்பு ஆகும். இதில் உலோகச் சுருள்வில்களுக்குப் பதிலாக, காற்று நிரப்பிய ரப்பர் வில்களும் அவற்றினின்று தனியே பொருத்தப்பட்ட நான்கு அதிர்வு தணிப்பிகளும் (ஷாக் அப்சார்பர்) உள்ளன. இவ்வகை வாகனங்கள் அனைத்தும் தற்போது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டமையால், தேய்ந்த வில்களையும் தணிப்பிகளையும் மாற்றுவது இவற்றின் பராமரிப்பில் முதன்மையான பணியாக விளங்குகிறது.

வரலாறு

1970 இல் வெளிவந்த முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களிலும் நீண்ட அசைவுடைய சுருள்வில்களைக் கொண்டிருந்தது. அக்காலத்தில் கரடுமுரடான நிலத்தில் செல்லும் வாகனங்களில் பட்டைவில்களே வழக்கமாக இருந்தன. 1992 இல் அதன் நீண்ட வடிவத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காற்றுவில் அமைப்பு அறிமுகமானது. 1994 இல் வெளிவந்த பி38ஏ இந்த அமைப்பை மேம்படுத்திய வடிவில் பெற்றது.

மகிழுந்துகளில் காற்றுவில் இதற்கும் முந்தையது. 1957 ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரோகம் வண்டியில் இது இடம்பெற்றது. காற்றுக் கசிவினால் அக்காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றில் உரிமையாளர்கள் சுருள்வில்களைப் பொருத்திக்கொண்டனர். அதே விவாதம் பி38ஏ உரிமையாளர்களிடையே மீண்டும் எழுந்தது.

அமைப்பும் செயற்பாடும்

முன்னும் பின்னும் இறுக்கமான முழு அச்சுகள் உள்ளன. ஒவ்வொரு அச்சின் இரு முனைகளிலும், அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு காற்றுவில் அமர்ந்துள்ளது. ஏனைய பகுதிகள் வருமாறு:

* கம்ப்ரசர்: மின்சாரத்தால் இயங்கிக் காற்றை அழுத்துவது.
* காற்றுத் தொட்டி: அழுத்தப்பட்ட காற்றைச் சேமித்து வைப்பது.
* வால்வுத் தொகுதி: ஒவ்வொரு வில்லுக்கும் காற்றை அனுப்புவது அல்லது வெளியேற்றுவது. இது கம்ப்ரசருடன் ஒரே பெட்டியில் எஞ்சின் அறையில் உள்ளது.
* உயர உணரிகள்: அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான தொலைவை அளப்பவை. மொத்தம் நான்கு.
* கட்டுப்பாட்டுக் கணினி: உணரிகளின் அளவீட்டைக் கொண்டு வால்வுகளை இயக்குவது.

ஓட்டுநர் விரும்பியவாறு வண்டியின் உயரத்தை மாற்றலாம். ஏறி இறங்கத் தாழ்ந்த நிலையும், நெடுஞ்சாலை வேகத்துக்குச் சற்றுத் தாழ்ந்த நிலையும், கரடுமுரடான நிலத்துக்கு உயர்ந்த நிலையும் உண்டு.

வில்லும் தணிப்பியும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. வில் எடையைத் தாங்குகிறது. தணிப்பி எடையைத் தாங்குவதில்லை. வில் அழுந்தி மீளும்போது எழும் ஊசலாட்டத்தை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி வெப்பமாக மாற்றுவதே தணிப்பியின் பணியாகும். எனவே தாழ்ந்து நிற்கும் வண்டிக்குப் புதிய தணிப்பி தீர்வாகாது; குதித்துக்கொண்டே செல்லும் வண்டிக்குப் புதிய வில்லும் தீர்வாகாது.

தேய்வின் அறிகுறிகள்

தணிப்பி தேய்ந்தால் மேடு ஒன்றைக் கடந்த பின்னும் வண்டி பலமுறை ஊசலாடும். பிரேக் அழுத்தும்போது முன்பகுதி மிகுதியாகத் தாழும். டயர் ஆங்காங்கே குழிவாகத் தேயும். தணிப்பியின் உடலில் எண்ணெய் வழிந்த தடம் காணப்படும். டயர் சாலையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் பிரேக்கும் திசைமாற்றியும் பயனற்றுப் போவதால், இது வசதிக்குறைவு மட்டுமன்றிப் பாதுகாப்புக் குறைவும் ஆகும்.

காற்றுவில்லின் ரப்பர் மடியும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. குறைவாக ஓடிய வண்டியிலும் காலப்போக்கில் ரப்பர் முதிர்வதால் இது நிகழும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் தாழ்ந்து நிற்பது பொதுவான அறிகுறி. எனினும் கசியும் மூலையைக் கண்ணால் மட்டும் கண்டறிய இயலாது. வண்டி நிற்கும்போதும் கணினி குறிப்பிட்ட இடைவெளியில் விழித்தெழுந்து, மிகத் தாழ்ந்த மூலையின் மட்டத்துக்கு மற்ற மூலைகளையும் இறக்குகிறது. எனவே ஒரு வில் கசிந்தாலும் வண்டி முழுவதும் தாழ்ந்து காணப்படும். இந்தச் செயலைத் தூண்டும் ரிலேவைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் இரவிலும் காலையிலும் அளந்து ஒப்பிடுவது நம்பகமான முறை. சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். வில்லில் கசிவு இல்லையெனில் வால்வுத் தொகுதியின் ரப்பர் வளையங்களையும் குழாய் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும்.

கசிவைக் கவனிக்காது விட்டால் கம்ப்ரசர் ஓய்வின்றி இயங்கிச் சேதமடையும். கசிவை நீக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு உள்ளாகும். கணினி கடுமையான பிழையைக் கண்டால் வண்டி ரப்பர் முட்டுக்கட்டைகளின் மீது அமர்ந்துவிடும், மணிக்கு 35 மைல் (சுமார் 56 கி.மீ.) வேகத்தை மீறக்கூடாது என்னும் எச்சரிக்கை தோன்றும்.

மாற்றும் முறை

வண்டியின் கீழே செல்வதற்கு முன், சட்டகத்தை உறுதியான ஸ்டாண்டுகளின் மீது நிறுத்த வேண்டும். காற்றுவில்லையோ ஜாக்கியையோ மட்டும் நம்பிக் கீழே செல்வது உயிருக்கு ஆபத்தானது. குழாய் ஒன்று கழன்றாலோ கணினி வால்வைத் திறந்தாலோ இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள வண்டி எச்சரிக்கையின்றித் தாழ்ந்துவிடும்.

1. வில்களிலும் தொட்டியிலும் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.
2. அச்சின் கீழே தனியாக ஒரு ஜாக்கியை வைக்க வேண்டும். அச்சு கீழே தொங்கிவிடாமல் தடுப்பது தணிப்பியே என்பதால், அதைக் கழற்றும்போது தாங்கல் இல்லாத அச்சு பிரேக் குழாய்களை இழுத்துச் சேதப்படுத்தும்.
3. பழைய தணிப்பியின் திருகுகளில் முன்னதாகவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்துக் கழற்ற வேண்டும்.
4. காற்றுக்குழாயைப் பிடிவளையத்தை அழுத்தி உருவி, வில்லைப் பிடித்துள்ள கிளிப்புகளை நீக்கி, வில்லை வெளியே எடுக்க வேண்டும்.
5. குழாயின் முனை கீறலுற்றிருந்தால் நேராக வெட்டிப் புதிய வில்லில் செருக வேண்டும். சாய்வாக வெட்டிய முனை மீண்டும் கசியும்.
6. புதிய வில் முறுக்கின்றி அமர்ந்திருப்பதை உறுதி செய்து, காற்று நிரப்பிய பின்னரே வண்டியின் எடையை அதன் மீது இறக்க வேண்டும். வெற்று வில்லின் மீது எடை இறங்கினால் ரப்பர் தவறாக மடிந்து கிழியும்.
7. ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளை, வண்டி இயல்பான உயரத்தில் நிற்கும்போது, பணிமனைக் கையேட்டில் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுதியாக இறுக்க வேண்டும்.

ஒரே அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றுவது முறையாகும். முன் வில்லும் பின் வில்லும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. பணி முடிந்தபின் பிழைக்குறிப்புகளைக் கணினியிலிருந்து நீக்கவும், தேவையெனில் உயரங்களை அளவுதிருத்தம் செய்யவும் வேண்டும். இதற்கு ஆரம்பத்தில் விற்பனையாளர்களின் சோதனைக்கருவி தேவைப்பட்டது. பின்னர் ஆர்வலர்கள் மடிக்கணினியில் இயங்கும் மென்பொருள்களை உருவாக்கினர்.

சுருள்வில்லாக மாற்றுதல்

காற்றுவில் அமைப்பை முற்றிலும் நீக்கிச் சுருள்வில்களைப் பொருத்தும் தொகுப்புகளும் விற்கப்படுகின்றன. கம்ப்ரசர், வால்வு, உணரி ஆகியவை தேவையற்றுப் போவதும், திடீரென வண்டி தாழ்ந்துவிடும் அச்சம் நீங்குவதும் இதன் நன்மைகள்.

இதற்கு ஈடாக இழப்பனவும் உண்டு. உயரத்தை மாற்றும் வசதி முழுவதும் போய்விடுகிறது. காற்றுவில்லில் எடை கூடும்போது அழுத்தமும் கூட்டப்படுவதால், வெற்று வண்டியிலும் சுமையேற்றிய வண்டியிலும் உயரமும் ஊசல் அதிர்வெண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சுருள்வில்லில் சுமை கூடினால் பின்பகுதி தாழும். முகப்பு விளக்குகள் மேல்நோக்கி எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்யும். வி8 பெட்ரோல் எஞ்சினுக்கும் ஆறு உருளை டீசல் எஞ்சினுக்கும் முன் எடை வேறுபடுவதால் அதற்கேற்ற வில்லைத் தெரிவு செய்ய வேண்டும். தேய்ந்த பழைய தணிப்பிகளைப் புதிய சுருள்வில்களுடன் விட்டுவைப்பது மாற்றத்தின் பயனைக் கெடுக்கும். இத்தகைய மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பதும் அவசியம்.

இவற்றையும் பார்க்கவும்

* சுருள்வில்
* அதிர்வு தணிப்பி
* ஊக்கின் விதி
* லேண்ட் ரோவர்