இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதம் எரிவது ஏன்?

இரவில் பாதம் எரிந்தால், பால்மரம் வெட்ட நடந்த நடைதான் காரணம் என்று ஈப்போவிலும் பழைய தோட்டங்களிலும் பெரியவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு.

நரம்பணுவுக்குள் கால்சியத்தை விடும் வாயில்கள் புரதத்தால் ஆனவை. உடல் இயல்பாகவே அவற்றில் சர்க்கரைத் தொடர்களைப் பொருத்துகிறது. வாயில் சரியாக அமைய அவை தேவை. மிஞ்சினால் நரம்பு ஓயாமல் வலிச் செய்தி அனுப்பும். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இனிப்புநீர் உள்ள சுண்டெலிகளுக்கு அத்தொடர்களின் ஒரு பகுதியை நீக்கும் நொதியைச் செலுத்தினர், வலி தணிந்தது. மனிதர்களுக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை.

இப்போது தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின் மருந்துகளும் கால்சிய வாயிலின் ஒரு துணைப் பகுதியையே பற்றுகின்றன. அவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சீராக்கா. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே பாதிப்பு வளராமல் தடுக்கும் வழி.

எரிச்சல் நின்று பாதம் மரத்துப்போனால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். முள் குத்தினாலும் தெரியாது. புண் முற்றிக் காலையே இழக்க நேரலாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். எரிச்சலோ மரப்போ இருந்தால், அடுத்த முறை கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.