சீரிஸ் பல்பின் வெளிச்சத்தில்

கோயம்புத்தூரில் புதிதாகச் செய்த ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டைச் சோதித்து உயிர்ப்பிக்கும் வேலையைக் கணினி வரலாற்றின் ஒரு பக்கமாகவே பலரும் பார்க்கிறார்கள். 1980இல் இன்டெல் நிறுவனம் 8051 சில்லை வெளியிட்டது, பொறியியல் கல்லூரிகள் அதைப் பாடமாக்கின, படித்து வந்தவர்கள் போர்டு செய்தார்கள் என்று கதை போகும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊருக்கு அது பாதிக் கதைதான். போர்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கும்போது இங்கே காட்டப்படும் நிதானத்துக்குத் தாய்வீடு மோட்டார் வைண்டிங் கடை என்பது என் எண்ணம்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கொங்கு நாட்டின் தொழில் வேகம் பிடித்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கிய நூற்பாலைத் தொழில் பல மடங்கு பெருகியது. மாடு கட்டிக் கவலை இறைத்த ஆழக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேதான் உருவாக்கினார்கள். மோட்டார் வந்த இடத்துக்கு அதன் சாவும் கூடவே வந்தது. வோல்டேஜ் குறைந்தாலோ, மும்முனையில் ஒரு முனை போனாலோ காயில் கருகிவிடும். அதனால் ஊருக்கு ஊர் வைண்டிங் கடைகள் முளைத்தன. கடைக்குக் கடை ஒரு சீரிஸ் பல்பு தொங்கியது. காயில் கட்டி முடித்ததும், அந்தப் பல்பைத் தொடராகக் கோத்த மின்வயர்களில் ஒன்றைக் காயிலிலும் மற்றொன்றைப் பாடியிலும் வைத்துப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் காயில் பாடியில் தட்டுகிறது என்று பொருள். அந்தப் பல்பு குறையைக் காட்டுவதோடு நிற்காமல் காவலும் இருந்தது. 230 வோல்ட்டில் ஒரு 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்குமேல் நிலையாக விடாது. ஷார்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பல்புதான் பிரகாசமாக எரியும், காயில் பிழைத்துக்கொள்ளும்.

போர்டுக்கு வருவோம். கரண்ட் கொடுப்பதற்கு முன்பே சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து ஷார்ட் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு பவர் சப்ளையில் 5 வோல்ட் வைத்து, 100 மில்லிஆம்பியருக்கு மேல் போகாதபடி வரம்பு கட்ட வேண்டும். எங்காவது ஈயம் ஒழுகி இரண்டு கால்கள் ஒட்டியிருந்தால் கரண்ட் வரம்பில் முட்டி நிற்கும், வோல்டேஜ் சரியும், சில்லு தப்பிக்கும். சீரிஸ் பல்பு செய்த அதே காவல்தான் இது. அடுத்து ரெகுலேட்டர், ரீசெட், கிரிஸ்டல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்தான் புரோகிராம், அதுவும் ஒரே ஒரு எல்.இ.டி.யைச் சிமிட்டுகிற மிகச் சின்னப் புரோகிராம். அந்தச் சிமிட்டல் நிறையச் சொல்லும். வினாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டியது 16 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டினால், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை விட்டுவிட்டுச் சில்லு தன் உள்கடிகாரத்தின் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம்.

சீரிஸ் பல்பு உலகத்து எலக்ட்ரீஷியன்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் கோவைக்கு என்ன தனி உரிமை என்று கேட்கலாம். கண்டுபிடித்த பெருமையை நான் கோரவில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வைண்டரின் அறிவு காதிலும் மூக்கிலும் கையிலும் இருக்கிறது, போர்டின் குறைக்குச் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை, பாதி நேரம் அது புரோகிராமுக்குள் ஒளிந்திருக்கிறது. இது உண்மை. ஆசிலோஸ்கோப் பார்ப்பதை எந்தப் பல்பும் பார்க்காது. கைப்பழக்கத்தை நம்பாமல் அளவை நம்பும் பயிற்சியை 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், நூலின் தரத்தை எண்களால் அளக்க வைத்த, 1956இல் பிறந்த ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவும் தந்தன. அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஊரில் போர்டுகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். நூற்பு இயந்திரத்துக்கும், வண்டியின் மீட்டருக்கும், பம்பு ஸ்டார்ட்டருக்கும் செய்த போர்டுக்கு மேசைமேல் பெறும் வெற்றி முழு வெற்றி ஆகாது.

நாள் முழுக்க மேசையில் பிசகாமல் ஓடிய போர்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டருக்குப் பக்கத்தில் போனதும் காரணமில்லாமல் ரீசெட் ஆகும். காண்டாக்டர் விடும் நொடியில் அதன் காயிலில் எழும் மின்துள்ளல் கிரவுண்டு வழியாகச் சில்லை எட்டிவிடுகிறது. காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு, கிரவுண்டுப் பாதையைப் பிரித்த பிறகே அது அடங்கும். ஆகவே பம்பு போர்டின் கடைசிச் சோதனை மோட்டாரின் அருகில்தான் நடந்தாக வேண்டும். மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டு நிறுத்துவது ஒரு பகுதி. மற்றொன்று, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையை மட்டும் துண்டித்து, காயில் சூடேறுவதற்குள் போர்டு அதை நிறுத்துகிறதா என்று பார்ப்பது.