குருநகரில் ஒரு கதிர்ப்பு உணரி: ஒளி இருவாயியால் இயல்வதும் இயலாததும்

யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளம் அணுமின் நிலையம் தென்மேற்கே சுமார் 300 கிலோமீற்றர். கல்பாக்கம் அணுமின் நிலையம் வடக்கே சுமார் 320. 2013 யூலையில் கூடங்குளத்தின் முதலாவது உலை இயங்கத் தொடங்கியது. இத்தகைய கரையில் வாழ்பவர், மலிவான ஒளி இருவாயி ஒன்றைக்கொண்டு வீட்டிலேயே எச்சரிக்கைக் கருவி செய்துகொள்ளலாமா என்று கேட்பது நியாயமே. எச்சரிக்கைக்கு அது உதவாது. கற்பித்தலுக்கோ மிகப் பொருத்தமானது என்பதே என் வாதம்.

அதன் கவர்ச்சி எளிமையில் உள்ளது. கைகர்க் குழாய்க்கு 400 வோல்ற்று அளவில் வேண்டும். பிபிடபிள்யூ34 வகை இருவாயிக்கு 9 வோல்ற்று மின்கலம் போதும். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்துக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. பின்முகக் கோடலில் இருவாயியின் வறிதாக்கல் பிரதேசம் விரிகிறது. அங்கே கதிர் இழக்கும் ஒவ்வொரு 3.6 இலத்திரன்வோல்ற்றுக்கும் ஒரு இலத்திரன் விடுபடுகிறது. ஒரு இலட்சம் இலத்திரன்வோல்ற்று படிந்தால் ஏறத்தாழ 28,000 இலத்திரன்கள். 1 பிக்கோபரட்டு கொள்ளளவியில் அவை தரும் துடிப்பு சுமார் 4.5 மில்லிவோல்ற்று. ஆகவே தகரப் பெட்டி கட்டாயம்: துளி வெளிச்சமோ மின்கம்பியின் இரைச்சலோ இத்துடிப்பை விழுங்கிவிடும்.

எச்சரிக்கைக் கனவு உடைவது பரப்பளவில். இந்த இருவாயியின் உணர்பரப்பு 7.5 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றாக வானிலிருந்து விழும் மியூவோன் துணிக்கைகளில், மணிக்கு நான்கைந்துதான் அதைக் கடக்கும்; அவற்றின் துடிப்பும் இரைச்சலின் விளிம்பிலேயே நிற்கும். காமாக் கதிர்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டே மெல்லிய சிலிக்கனில் தடம் பதிக்கும். மணிக்கு 4 எண்ணிக்கை என்று வைத்தாலும் புள்ளிவிபர வழு 2, அதாவது சரிபாதி. பின்னணிக் கதிர்ப்பு இருமடங்கானாலும் ஒரு மணிநேரத்தில் அதை உறுதிசெய்ய முடியாது. மாரி மழை றேடனின் சேய்க்கருக்களை நிலத்தில் இறக்கும்போதும் பின்னணி சற்று உயர்வதுண்டு. அதையும் உலை விபத்தையும் பிரித்தறிய இக்கருவிக்கு வழியில்லை. பல இருவாயிகளைச் சமாந்தரமாக இணைத்தால் கொள்ளளவம் கூடும், கூடவே இரைச்சலும்.

அல்பாவில் கதை வேறு. மின்சாரமில்லாக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் திருவிழாக்களிலும் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் பழைய மாண்டில்களில் தோரியம் உண்டு. அதன் அரைவாழ்வு சுமார் 1,400 கோடி ஆண்டு; பரணில் கிடக்கும் மாண்டில் இன்னும் கதிர் உமிழ்ந்துகொண்டே இருக்கும். (1904இல் பலாங்கொடைப் பகுதியில் தோரியக் கனிமமான தோரியனைற்றைக் கண்டெடுத்தவர், பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அன்று தோரியத்துக்குப் பெருந்தேவை மாண்டில் தொழிலிலிருந்தே வந்தது.) 60 இலட்சம் இலத்திரன்வோல்ற்று அல்பாத் துணிக்கை முழுதாகப் படிந்தால் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட இலத்திரன்கள்; அந்தத் துடிப்பை எந்த இரைச்சலும் மறைக்காது. ஆனால் பிபிடபிள்யூ34இன் பிளாத்திக்கு உறையை அல்பா கடக்காது. உலோக உறையுள்ள பிபிஎக்ஸ்61 இருவாயியின் கண்ணாடியை நீக்கியே பயன்படுத்த வேண்டும். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம் பாடசாலைகளுக்கென வெளியிட்ட வடிவமைப்பும் அல்பாவுக்கு இதையே கையாள்கிறது. இடையில் ஒரு தாளை வைத்தவுடன் எண்ணிக்கை அற்றுப்போவதை மாணவர் தம் கண்ணால் காணலாம்.

கரையோரக் கண்காணிப்புக்குப் பெரிய மினுக்கல் உணரிகளே தேவை. அது அரசின் கடமை. உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்கள் இக்கருவியை மாணவரைக்கொண்டே செய்விக்க வேண்டும். மாண்டிலை மட்டும் கசக்கவோ ஊதவோ எவரையும் விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாது.